இனி டீக்கு ஆகாது

அன்று அவர் அதைச் சொன்னது கோபத்திலா, பிரியத்திலா? நான்கு வருடமாகிறது, இன்னும் எனக்குத் தெரியவில்லை. பையனைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போதோ, சிங்க்கில் பாத்திரத்தைப் போட்டுக் குழாயைத் திறக்கும்போதோ, அழைக்காமலே அந்தப் பேச்சு வந்து நிற்கும். ஒருநாள் கோபம்தான் என்று தீர்மானித்துவிடுவேன். மறுநாள் காலையில் இல்லை என்று தோன்றும். "அவரையே கேட்டுரு" என்கிறார் என் கணவர். கேட்டுவிட முடிகிற பெண்ணாக நான் இருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அப்போது கோயமுத்தூர் வடவள்ளியில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழ் வீட்டில் அவரும் அவர் மனைவியும். இரண்டு குடும்பமும் வாடகைதான். அவருக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். தேயிலை ஏல வியாபாரம் செய்யும் ஓர் அலுவலகத்தில் டீயைக் குடித்துப் பார்த்துத் தரம் சொல்வது வேலை. குடித்து என்பதுகூடச் சரியில்லை. ஒரு கரண்டி எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, துப்பிவிடுவார்களாம். நான் அவரை அண்ணா என்பேன். அவர் மனைவியை அக்கா என்பேன். முறைக்குச் சரியாக வராது. ஆனால் முதல் நாளே அப்படி வந்துவிட்டது, யாரும் திருத்தவில்லை.

அவர் சேர்த்து வைத்திருந்தது பழைய தேயிலைப் பெட்டிகள். டீ கேடி என்பார். "ஊட்டுக்குள்ள முப்பது கேடிங்களை வெச்சுக் காப்பாத்திட்டு இருக்கறனாக்கும்" என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவரும் சிரிப்பார், ஒவ்வொரு தடவையும், புதிதாகக் கேட்டதுபோல. தேயிலை நகை மாதிரி அரிதாக இருந்த காலத்தில் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் அதைப் பெட்டியில் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்திருப்பார்களாம். அந்தப் பெட்டிகளில் சில கப்பலேறி, நீலகிரிக்கும் வால்பாறைக்கும் வந்து, பங்களாக்கள் கைமாறியபோது அங்கங்கே தங்கிவிட்டன. பேரிக்காய் வடிவத்தில் ஒன்று. நடுவில் சுவர் வைத்து, பச்சைத் தேயிலைக்கு ஓர் அறை, கறுப்புத் தேயிலைக்கு ஓர் அறை என்று ஒன்று. ஆமை ஓட்டில் செய்த ஒன்றை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் காட்டுவார். வெளிச்சம் பட்டால் வெல்லப்பாகு மாதிரி இருக்கும்.

பெட்டிக்குள் கரண்டி. எல்லாம் வெள்ளி. மூடி மூடவேண்டும் என்பதால் காம்பு விரலின் பாதிகூட இருக்காது. இலை வடிவம், குதிரைப் பந்தயக்காரன் தொப்பி வடிவம் என்று விதவிதமாக இருந்தாலும், அவர் கை போவது சிப்பி வடிவத்துக்குத்தான். ஆதியில் தேயிலைப் பெட்டிக்குள் அள்ளுவதற்கு நிஜச் சிப்பி ஒன்றையே போட்டு அனுப்பினார்களாம். அந்தப் பழக்கத்தில் வந்தது.

அந்தச் சிப்பிக் கரண்டிகளை அவர் தேடியெடுத்த இடம்தான் வேடிக்கை. பெரிய கடைவீதிப் பக்கம் வெள்ளிப் பட்டறைகளில், உருக்குவதற்காகப் போட்டிருக்கும் தட்டில், தேய்ந்த கொலுசுக்கும் அரைஞாணுக்கும் நடுவே குழந்தைக்குப் பால் புகட்டும் சங்குகள் கிடக்கும். அதோடு இதுவும் கிடக்கும். விற்றவர்களும் சங்கு என்றே விற்றிருப்பார்கள், வாங்கியவர்களும் சங்கு என்றே வாங்கியிருப்பார்கள். இவர் சனிக்கிழமை சாயங்காலம் போய் அந்தத் தட்டை விரலால் கிளறுவார். "பொழைச்சுதுங்க" என்று சொல்லித்தான் பையிலிருந்து எடுத்துக் காட்டுவார், ஆஸ்பத்திரியிலிருந்து யாரையோ கூட்டி வந்ததுபோல.

அவருக்கு ஒரு விஷயம் ஆகாது. ஒரு வேலைக்குச் செய்த பொருள் வேறொரு வேலை பார்க்கக் கூடாது. தேயிலைப் பெட்டியில் விபூதி இருந்தால் அவருக்கு மனசு கேட்காது. கோத்தகிரியில் ஒரு வீட்டில் பல்செட் போட்டு வைத்திருந்தார்களாம். பொள்ளாச்சியில் ஒரு கொப்பரை வியாபாரி வீட்டில் ஜாதகங்கள். கிணத்துக்கடவில் ஊசி நூல். அதற்காகவே அவருடைய ஸ்கூட்டர் டிக்கியில் எப்போதும் நாலைந்து புது எவர்சில்வர் சம்புடங்கள் இருக்கும். போன வீட்டில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பிப்பார்.

"ஏனுங்க, இதுக்குள்ள என்னங்க வெச்சிருக்கீங்க?"

"விபூதிங்க."

"அதுக்கு ஒரு நல்ல எடம் பண்ணிக் குடுத்துட்டா, இதை எனக்குக் குடுப்பீங்களா?"

உள்ளே இருப்பதற்கு ஓர் இடம் செய்யாமல் எந்தப் பெட்டியையும் எடுக்கமாட்டார். விபூதியைத் தானே சம்புடத்துக்கு மாற்றி, சிந்தியதை விரலால் ஒற்றி நெற்றியில் இட்டுக்கொண்ட பிறகுதான் பெட்டி கைக்கு வரும். அதைக் கேட்டபோது எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. அதே சமயம் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இவ்வளவு ஒழுங்கு பார்க்கிறவர் வீட்டின் தலைமேல் குடியிருக்கிறோமே என்று நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைக்க ஆரம்பித்தேன்.

ஒருமுறை அக்கா ஒரு பெட்டியில் இரண்டு ஏலக்காய் போட்டுவிட்டார், வாசத்துக்கு. அவர் அந்தத் தேயிலை முழுவதையும் ரோஜாச் செடிக்குக் கொட்டினார். பெட்டியை நிழலில் திறந்து வைத்து, தினமும் காலையில் குனிந்து முகர்ந்து பார்த்தார். "பதினோரு நாளுங்க அம்மணி" என்றார் அக்கா. "எங்க மாமியாருக்குக்கூட இத்தனை சாங்கியம் செய்யலை இந்த மனுசன்."

"ஏம்புள்ள, அம்மாவைப் பத்திப் பேசாத" என்று உள்ளிருந்து குரல் வந்தது. கோபக் குரல் மாதிரித் தெரியவில்லை. ஆனால் அவர் குரலில் எது எப்படித் தெரியும்? அதுதான் அவரிடம் சிரமம்.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். ஆயுத பூஜை வந்தது. அக்கா ஓசூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். "வெளக்கை மட்டும் ஏத்திரு அம்மணி, அவரு ஆபீஸ் பூசைக்குப் போயிருவாரு" என்று சாவியைக் கொடுத்திருந்தார். நான் ஐந்து மாத வயிற்றோடு விளக்கேற்றினேன். பிறகு சுற்றிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அன்றைக்கு மிக்ஸிக்கும் தையல் மெஷினுக்கும்கூடப் பொட்டு வைப்போம். இவருடைய பிழைப்பே தேயிலை. இத்தனை பெட்டிகள் நெற்றி வெறுமையாக நிற்பதா என்று தோன்றியது. முப்பதுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமமும் வைத்துவிட்டேன். எண்ணெய் போட்டுத் துடைத்த பழைய மரம். சந்தனம் அதற்குள் இறங்கும் என்பது எனக்குத் தெரியாது.

அவர் வந்தார். நான் பின்னாலேயே நின்றேன். ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தார். கடைசிப் பெட்டிக்கு வந்ததும், "நல்லா இருக்குதுங்க அம்மணி" என்றார்.

அடுத்த வாரம் முழுக்க, மாடிப்படியில் இறங்கும்போதெல்லாம் ஜன்னல் வழியே பார்ப்பேன். காது குடைகிற பஞ்சுக் குச்சியை எதிலோ தொட்டு, ஒவ்வொரு பொட்டாக எடுத்துக்கொண்டிருப்பார். என் காலடி கேட்டதும் பெட்டியை மெல்லக் கீழே வைத்துவிட்டுச் செய்தித்தாளை எடுத்துக்கொள்வார். அதைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போய் அழுதேன். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பையன் எட்டாம் மாதக் கடைசியில் பிறந்தான். கோழிக்குஞ்சு மாதிரி இருந்தான். நெஞ்சில் வைத்தால் நாலு இழுப்பு இழுத்துவிட்டுத் தூங்கிவிடுவான். பாட்டில் காம்பை நாக்கால் வெளியே தள்ளினான். மூன்றாம் வாரம் எடை பார்த்தபோது, பிறந்த எடையிலிருந்து இறங்கியது ஏறவேயில்லை. டாக்டர் ஒன்றும் கடுமையாகச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பாலைப் பீய்ச்சிப் பாலாடையில குடுத்துப் பாருங்கம்மா. வெள்ளிக்கிழமை மறுபடியும் வாங்க. அப்பவும் ஏறலைன்னா சேத்துக்கலாம்" என்றார். அவர் கண்ணாடியைத் துடைத்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மருந்துக்கடையில் எவர்சில்வர் பாலாடை வாங்கினோம், மூக்கு வைத்த அந்தக் குட்டிக் கிண்ணம். எல்லாத் தாய்மார்களுக்கும் வருகிற வேலை எனக்கு வரவில்லை. கை நடுங்கியது. மூக்கு வழியே ஒன்று பால் வராது, இல்லை கொட்டும். என் அம்மாவும் அந்த வாரம்தான் அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக ஊருக்குப் போயிருந்தார். கணவர் வேலைக்குப் போய்விட்டார். புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஒரேயடியாகப் பால் இறங்கி, குழந்தைக்குப் புரையேறி, முகம் சிவந்து, சத்தமே வரவில்லை. நான் கத்தியது தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அக்கா மூன்று படிகளை ஒன்றாகத் தாண்டி வந்திருக்க வேண்டும். குழந்தையைப் பிடுங்கி, முன்கையில் குப்புறப் போட்டு, முதுகில் தட்டினார். அழுகை வந்தது. அந்த அழுகையைப்போல ஒரு சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. பாலாடை தரையில் உருண்டு வாசலுக்குப் போயிருந்தது. அதைக் கையில் எடுத்தபடி வெளியே அவர் நின்றிருந்தார். உள்ளே நான் இருந்த கோலத்தை அவர் பார்க்கவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பாலாடையின் மூக்கை விரலால் தடவிப் பார்த்தார். கீழே போய்விட்டார்.

பத்துப் பதினைந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். மறுபடியும் முதுகு காட்டியே நின்று, தோளுக்கு மேலாகக் கையைப் பின்பக்கம் நீட்டினார். ஆவி பறக்கும் ஒரு டம்ளர். அதற்குள் சிப்பிக் கரண்டி. அவரிடம் இருந்ததிலேயே பழையது. விளிம்பு பூ இதழ் போல மெலிந்தது. அதை அவர் அக்காவையே தொட விடமாட்டார்.

"நல்லா கொதிக்க வெச்சிருக்கேனுங்க" என்றார் சுவரைப் பார்த்து. "ஆறட்டும், சூடு."

அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டு அவர் முதுகையே பார்த்தார். வழக்கமான கேலி அவர் வாயில் வரவில்லை.

எனக்கு அந்த நிலையிலும் சந்தேகம். யார் யார் வாய் பட்டதோ, வெள்ளிதானா, வேறேதாவதா என்று. அவர் காதுபடவே ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் செய்து கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "வெள்ளிதானுங்களா? கொதிக்க வெச்சுட்டீங்கன்னா குடுங்க. தலையைத் தூக்கிப் புடிச்சுக்கோங்க, அரை அரையா குடுங்க. அவசரமே வேண்டாம்" என்றார் அந்த நர்ஸ்.

காம்பு குட்டையாக இருந்ததால் என் விரல் குழந்தையின் கன்னத்திலேயே ஊன்றி நின்றது. அதனால் கை நடுங்கவில்லை. கரண்டியைக் கீழுதட்டில் வைத்ததும், பால் தானாக விளிம்புக்கு வந்து நின்றது. நான் ஊற்றவில்லை. அவன் நாக்கை நீட்டி எடுத்துக்கொண்டான்.

"எறங்குச்சுங்களா?" என்று வாசலிலிருந்து கேட்டார்.

"எறங்கிருச்சுங்க" என்றார் அக்கா.

"இன்னொன்னு?"

"கொஞ்சம் பொறுங்க. டீ வேலையா இது, ஒறிஞ்சித் துப்பறதுக்கு?" அக்காவுக்குக் கேலி திரும்பியிருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

வெள்ளிக்கிழமை எடை ஏறியிருந்தது. கொஞ்சம்தான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "சேக்க வேண்டாம், இப்படியே பண்ணுங்க" என்றார். அதன்பிறகு ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு நாளும் அண்ணா ஆபீஸ் கிளம்பும்போது கீழே நின்று, மாடியைப் பார்த்து, "எறங்குச்சுங்களா அம்மணி?" என்று ஒரு குரல் கொடுப்பார். நான் ஜன்னலில் இருந்து தலையசைப்பேன். ஸ்கூட்டர் அதன்பிறகுதான் கிளம்பும். இரண்டு மாதம் ஆனபோது பையன் நன்றாகவே என்னிடம் குடிக்க ஆரம்பித்துவிட்டான். கரண்டிக்கு வேலை முடிந்தது.

திருப்பித் தரவேண்டும். நான் அதை ஒழுங்காகச் செய்ய நினைத்தேன். விபூதி போட்டு மெதுவாகத் துலக்கி, கழுவித் துடைத்தேன். எங்கள் பக்கம் அக்கம்பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டோம். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். அதனால் கரண்டி நிறையச் சர்க்கரை வைத்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு எடுத்துக்கொண்டு போனேன். படியில் பாதி இறங்கும்போதுதான் உறைத்தது: தேயிலைக் கரண்டியில் சர்க்கரை. டீயில் சர்க்கரை சேர்ப்பதையே பாவம்போலப் பார்க்கிற மனிதர். ஆனால் வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டார். திரும்பிப் போக முடியாது.

கரண்டியை எடுத்தார். சர்க்கரையை உள்ளங்கையில் கவிழ்த்து, வாயில் போட்டுக்கொண்டார். பிறகு கரண்டியை மூக்கருகே கொண்டுபோய், தேயிலையை முகர்வதுபோலக் கண்ணை மூடி நிதானமாக முகர்ந்தார்.

"பால் வாசம் புடிச்சிருச்சுங்க" என்றார். "இனி இது டீக்கு ஆகாது."

கரண்டியை என் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. கெடுத்துவிட்டாய் என்றாரா? உன் பிள்ளைக்கே இருக்கட்டும் என்றாரா? முகத்தில் ஒன்றுமில்லை. சந்தனப் பொட்டைப் பார்த்து "நல்லா இருக்குதுங்க" என்று சொன்ன அதே முகம். "அவரு அப்படித்தான் அம்மணி, நீ போய்ப் பையனைப் பாரு" என்றார் அக்கா. அது எனக்குப் போதவில்லை.

டீக்கு ஆகாது என்று அவரே சொல்லிவிட்டதால் நானும் அதைப் பிள்ளையின் கரண்டியாகவே வைத்துக்கொண்டேன். ராகிக் கூழ், பருப்பு மசித்த சோறு, சளி மருந்து எல்லாம் அதில்தான். அவனுக்கு ஒரு வயது முடிகிற சமயத்தில் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஓசூரில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் வீடு பார்த்து, இருவரும் போய்விட்டார்கள். கிளம்புகிற அன்று முப்பது பெட்டியையும் பழைய வேட்டிகளில் சுற்றித் தானே வண்டியில் ஏற்றினார். கரண்டியைப் பற்றிக் கேட்பார் என்று நாள் முழுக்கக் காத்திருந்தேன். "கண்ணு எல்லாம் சாப்புடறானுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

போன மாதம் அக்கா போனில் பேசினார். பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். அந்தக் கரண்டி இருந்த பெட்டியில் இப்போதும் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறதாம். பட்டறையில் வேறு சிப்பிக் கரண்டி கிடைத்தும் அதில் வைக்க விடவில்லையாம். பார்க்க வந்த ஒருவர், ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டதற்கு, "அது கோயமுத்தூர்ல வேலைக்குப் போயிருக்குதுங்க" என்றாராம்.

போனை வைத்துவிட்டு அடுப்பை அணைக்கக்கூட மறந்து நின்றேன். நான்கு வருடமாக நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் இளகியது. முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். நான் அப்படிப்பட்டவள் இல்லை. ஆனால் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். வேலைக்குப் போனது என்றால் வேலை முடிந்ததும் வீடு திரும்பவேண்டும் அல்லவா? பையனுக்கு இப்போது நான்கு வயது முடிந்துவிட்டது. கூடாது என்று சொல்லச் சொல்லப் பெரிய கரண்டியில் அள்ளிச் சாப்பிடுகிறான்.

அடுத்த மாதம் அவனுக்குக் காது குத்து. அவிநாசியில், என் மாமனார் வீட்டில் வைத்திருக்கிறோம். அண்ணாவும் அக்காவும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அன்று கரண்டியை அவர் கையில் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். இதை முடிவு செய்யவே எனக்குப் பத்து நாள் ஆனது.

இப்போது ஒரு சிக்கல். துலக்குவதற்காக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தபோது கண்டேன். பல் முளைக்கிற காலத்தில் பையன் அதைத் தலைகீழாகப் பிடித்துக் காம்பைக் கடித்துக்கொண்டே இருப்பான். பழைய மென்மையான வெள்ளி. காம்பின் ஓரத்தில் இரண்டு குட்டிப் பல் தடங்கள், அரிசியின் நுனி பதிந்ததுபோல. அதை ஒட்டியே, கடுகைவிடச் சின்னதாக, அந்தக் காலத்தில் செய்தவர்கள் அடித்த முத்திரை இருக்கிறது. வெள்ளிப் பட்டறைக்காரரிடம் காட்டினேன். தட்டி எடுத்துவிடலாம், பத்து நிமிஷ வேலை, ஆனால் முத்திரை கொஞ்சம் மழுங்கினாலும் மழுங்கும் என்கிறார்.

அப்படியே கொடு என்கிறார் என் கணவர். கடித்த பொருளைப் பெரியவர் கையில் கொடுப்பார்களா, சரிசெய்து கொடு என்கிறார் என் மாமியார். எனக்குக் காலையில் ஒன்று சரியாகப் படுகிறது, மாலையில் இன்னொன்று. அந்தத் தடத்தைப் பார்த்தால் அவர் பஞ்சுக் குச்சியைத் தேடுவாரா, விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பாரா?

இதைப் படிக்கிறவர்களில் பழைய வெள்ளி தெரிந்தவர்கள் இருப்பீர்கள். பிள்ளை வளர்த்தவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். அந்த இரண்டு பல் தடங்களைத் தட்டி எடுக்கச் சொல்லட்டுமா, அப்படியே விட்டுவிடட்டுமா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள். காது குத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.